பசை வைத்து அளந்த இரும்பு

1

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்று காலை மறுபடியும் அந்த ஃப்ளெக்ஸ் பேனரின் படம் வந்தது. "போன வருசம் இதே நாள்" என்று மேலே ஒரு வரி, கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். அனுப்பியவன் என் தம்பி குமரவேல். கள்ளக்குறிச்சியில் உரக்கடை வைத்திருக்கிறான். வார்டு கவுன்சிலர் ஆகும் ஆசையையும் கூடவே வைத்திருக்கிறான்.

பேனரில் என் மகள் சௌமியாவின் முகம் ஒரு தட்டு அளவு. தம்பியின் முகம் தாம்பாளம் அளவு. பின்னணியில் ஒரு புல்லட் ரயில், ஒரு ராக்கெட், லாடம் போல வளைந்த சிவப்புக் காந்தம். "அமெரிக்காவில் சூப்பர் கண்டக்டர் கண்டுபிடித்த கள்ளக்குறிச்சியின் தங்கமே, வருக!" நாங்கள் இருப்பது ஜெர்மனியில். சூப்பர் கண்டக்டர் அவள் பிறப்பதற்குப் பல தலைமுறை முன்னரே கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வரியில் உண்மை என்று மிஞ்சுவது கள்ளக்குறிச்சி ஒன்றுதான்.

டிராமில் நின்றபடி அதைப் பார்த்தேன். ஒரு வருடம் ஆகியும் அந்தப் பேனர் ஓயவில்லை. ஊரிலிருந்து தொலைபேசியில் அழைப்பவர்கள் எல்லாரும் "பொண்ணு இன்னும் பெருசா ஏதாச்சும் கண்டுபிடிச்சாளா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது. ஒரே தடவை எழுதிவிடுகிறேன்.

2

தெரியாதவர்களுக்காக: நான் தியாகதுருகத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தியவள். எம்.எஸ்ஸி., பி.எட். என் கணவருக்கு இங்கே சிப் தொழிற்சாலையில் வேலை கிடைத்தபோது சௌமியாவுக்கு எட்டு வயது. மூன்று பேரும் வந்தோம். இந்த ஊரின் அலுவலகம் என் சான்றிதழ்களை ஒரு வருடத்துக்கும் மேலாக வைத்திருந்து ஆராய்ந்து, "ஓரளவு ஒப்பானது" என்று தீர்ப்புச் சொன்னது. ஓரளவு ஒப்பானவளுக்குக் கிடைத்த வேலை, தொடக்கப் பள்ளியில் மதியத்துக்கு மேல் பிள்ளைகளின் குளிர்ச்சட்டை ஜிப்பை மாட்டிவிடுவது.

முதல் வருடம், தலைமை ஆசிரியையை வாய் தவறி "நீ" என்று சொல்லிவிட்டேன். நம் ஊரில் கரஸ்பாண்டெண்டைப் பார்த்து "வாடா" என்றால் எப்படி இருக்கும், அப்படி அறை உறைந்துபோனது. என் பெயரை அவர்கள் இத்தனை வருடமாகத் தப்பாகவே உச்சரிக்கிறார்கள். அதற்கு எந்த அறையும் உறைந்ததில்லை.

சௌமியா எனக்கு மேல் ஜெர்மன் பேசினாள், என் கணவருக்கு மேல் படித்தாள், இருவருக்கும் எட்டாத இடத்துக்குப் போய் நின்றாள். முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்ததும் நகரத்தின் மறுகோடியில் மூன்று பேரோடு ஓர் அறை பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் வருவாள். பசித்தால் தமிழ், கோபம் வந்தால் ஜெர்மன். மற்ற நேரம் போன்.

3

அவள் என்னதான் செய்கிறாள் என்பதை ரயிலும் ராக்கெட்டும் இல்லாமல் சொல்லிப் பார்க்கிறேன்.

கால்சியம், இரும்பு, ஆர்சனிக் மூன்றையும் உருக்கி அவள் படிகம் வளர்க்கிறாள். ஆர்சனிக் என்றால் பாஷாணம்தான். இதை முதன்முதலில் கேட்டபோது நான் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டேன். படிகம் வெள்ளித்தாளைக் கிழித்துப் போட்டது போல மெல்லிசாக, பளபளவென்று இருக்கும். அதற்குள் இரும்பணுக்கள் கணக்கு நோட்டின் கட்டங்கள் மாதிரி சதுரம் சதுரமாக அடுக்கியிருக்கின்றன. ஒவ்வோர் இரும்பணுவும் ஒரு குட்டிக் காந்தம். சாதாரண வெப்பத்தில் அவை எந்தப் பக்கமும் நிலையாகப் பார்ப்பதில்லை.

குளிரூட்டிக்கொண்டே போனால், பூஜ்யத்துக்குச் சுமார் நூறு டிகிரி கீழே அவை அணிவகுக்கின்றன. ஒரு திசையில் அடுத்தடுத்த காந்தங்கள் எதிரெதிர் முகம் பார்க்கும். அதற்குக் குறுக்கான திசையில் எல்லாம் ஒரே முகம் பார்க்கும். அப்போது அந்தச் சதுரம் செவ்வகமாகிவிடுகிறது. எதிரெதிராக நிற்கும் திசையில் பக்கம் துளி நீள்கிறது, ஒரே முகமாக நிற்கும் திசையில் துளி குறுகுகிறது. இரும்புக்குப் பதில் அங்கங்கே கொஞ்சம் கோபால்ட்டைக் கலந்து இந்த அணிவகுப்பைக் கலைத்தால் செவ்வகமும் கலைகிறது. அதற்குப் பிறகுதான், இன்னும் கடுங்குளிரில், மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும் சூப்பர் கண்டக்டர் நிலை வருகிறது. அதனால்தான் இந்தச் சதுரத்தின்மேல் இத்தனை பேருக்கு இத்தனை அக்கறை.

கேள்வி இதுதான். சதுரம் தானாக நீண்டதால் காந்தங்கள் வரிசைக்கு வந்தனவா? அல்லது காந்தங்கள் ஒரு திசையின் பக்கம் சாய்ந்ததால் சதுரம் நீண்டதா? உலகமெங்கும் படித்த மனிதர்கள் இதற்காக, சம்பந்தி வீட்டுச் சண்டையில் யார் முதலில் பேசியது என்று வாதாடுவதைப் போல, வருடக்கணக்காக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். சௌமியாவின் பேராசிரியர் ஒரு கட்சி. அமைப்புதான், அதாவது சதுரம்தான், முதலில் மாறுகிறது, காந்தம் பின்னால் வரும் எடுபிடி என்பது அவர் கொள்கை. வாழ்க்கையின் பாதியை அதில் போட்டிருக்கிறார்.

சௌமியாவின் முதல் கட்டுரை அவருக்கு அமுதமாக இருந்தது. அவள் அளவீட்டில், குளிரூட்டும்போது சதுரம் முதலில் நீளத் தொடங்கியது. காந்த வரிசை அதற்குப் பிறகு, இன்னும் குளிர்ந்தபின் வந்தது. கட்டுரை வெளியானது. பேராசிரியர் கேக் வெட்டினார். நான் தெரியாமல் அந்தச் செய்தியைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன்.

4

போன வருடம் வசந்தகாலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சௌமியா சாதத்தில் ரசத்தை ஊற்றிவிட்டுப் பிசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, கூழ் வடாம் காயவைப்ப இல்ல. துணியில ஊத்தினா இன்னா ஆவும்?"

"காஞ்சு தானா சுருளும். உரிச்சி எடுத்துருவோம்."

"தட்டுல ஊத்தி, ரெண்டு ஓரமும் நல்லா ஒட்டிக்கினா?"

"ஒட்டனா சுருள முடியாது. இழுத்துக்கினே காயும். கடைசில நடுவுல வெடிக்கும்."

"அதான்" என்றாள். "என் பேப்பர் தப்பும்மா."

இந்தப் படிகங்களுக்கு ஒரு கெட்ட குணம். சதுரம் செவ்வகமாகும் கணத்தில் துள்ளும், சில சமயம் சொடக்குப் போட்டதுபோல் விரிசல் விடும். பேராசிரியர் இளைஞராக இருந்தபோது ஒரு முக்கியமான துண்டு துள்ளிப்போய்க் காணாமல் போனதாம். அன்றிலிருந்து அந்த ஆய்வகத்தில் ஒரு சம்பிரதாயம்: நீளத் துண்டின் இரண்டு முனையிலும் கெட்டியாகப் பசை வைத்துச் செம்புத் தகட்டில் ஒட்டிவிட வேண்டும். "எங்களிடம் படிகம் அசையாது" என்று பார்வையாளர்களிடம் பெருமையாகச் சொல்வார்களாம். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுத்தருவதே பசை வைக்கத்தான். ஏன் என்று கேட்பதை யாரும் கற்றுத்தரவில்லை.

ஒரு நாள் அளவீட்டின் நடுவில் ஒரு துண்டின் பசை விட்டுப்போனது. வளைகோடு வேறு மாதிரி வந்தது. கெட்டுப்போன அளவீடு என்று தள்ளிவைத்தாள். ஆனால் மனசு கேட்கவில்லை. வேண்டுமென்றே ஒரு துண்டை ஒட்டாமல், சின்னக் குழிக்குள் சும்மா படுக்கவைத்து அளந்தாள். இன்னொன்றையும் அப்படியே செய்தாள். ஒட்டாத துண்டில் சதுரம் முன்கூட்டியே நீளவில்லை. காந்த வரிசையும் செவ்வகமும் ஒரே வெப்பநிலையில், ஒரே துள்ளலில், சேர்ந்து வந்தன.

செம்பும் படிகமும் குளிரில் ஒரே அளவில் சுருங்குவதில்லை. இரண்டு முனையும் மாட்டிக்கொண்ட படிகத்தை, செம்பு ஒரு பக்கமாக நெருக்கியிருக்கிறது. நெருக்கினால் சதுரம் சதுரமாக இருக்குமா? பேராசிரியர் உலகத்துக்குச் சொன்ன "அமைப்பு முதலில் மாறுகிறது" என்பது பசை செய்த வேலை.

"யாராச்சும் கண்டுபிடிச்சிட்டாங்களா?" என்று கேட்டேன். என் வாயில் முதலில் வந்த கேள்வி அதுதான்.

அவள் ஜெர்மனில் ஏதோ சொன்னாள். கோபம் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

5

பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் கத்தவில்லை. இந்த ஊரில் பெரிய மனிதர்கள் கத்த மாட்டார்கள். குரலை இறக்கி, நாற்காலியை நம் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கனிவாகக் கழுத்தை நெரிப்பார்கள். "சுவாரஸ்யமான கவனிப்பு" என்றாராம். "ஆனால் இப்போது அவசரப்பட வேண்டாம். முதல் கட்டுரையை வைத்து எழுதிய இரண்டாவது கட்டுரை தயாராக இருக்கிறது. அது வெளியாகட்டும். பசை விஷயத்தைப் பிறகு ஒரு அடிக்குறிப்பில் பார்த்துக்கொள்ளலாம்."

இரண்டாவது கட்டுரையில் அவள் பெயரும் சேர அவளுடைய சம்மதக் கையெழுத்து வேண்டும். அவளுடைய வேலை ஒப்பந்தமோ இலையுதிர்காலத்தில் முடிகிறது. ஒப்பந்தம் நீள்வது பேராசிரியர் கையில். எங்களோடு சேர்ந்து வந்த அனுமதி அவள் பெரியவளானதும் தனியாகிவிட்டதால், அவள் தங்கும் அனுமதி ஒப்பந்தத்தின் கையில். வெளிநாட்டவர் அலுவலகத்தில் போய்க் கேட்டோம். வரிசை எண்ணைப் பிடித்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்தபின், கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் சொன்னாள்: "ஒப்பந்தம் இருந்தால் அனுமதி உண்டு." பல்கலைக்கழக அலுவலகமோ அனுமதி இருந்தால்தான் ஒப்பந்தம் எழுதுவோம் என்கிறதே என்றேன். "அது எங்கள் பிரிவு இல்லை" என்றாள். படித்த நாடு. எல்லாவற்றுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது, மனுஷிக்கு மட்டும் இல்லை.

"கொஞ்ச நாள் சும்மா இருடி. அனுமதி வந்ததும் எல்லாத்தையும் சொல்லிக்கலாம்" என்றேன்.

"அதுவரைக்கும் வேற லேப்ல நாலு பேர் என் கிராஃபை வச்சி வேலை பண்ணுவாங்கம்மா. அவங்க வருசம் வீணாப் போவும்."

"அவங்க வருசம் அவங்க பாடு."

சௌமியா தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள். முடிவு சொல்ல பேராசிரியர் ஒரு நாள் குறித்தார். அந்த நாள், தம்பியின் புதுவீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நாங்கள் ஊருக்குப் போகும் வாரத்தில் வந்து உட்கார்ந்தது. கணவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நானும் அவளும் மட்டும் போனோம்.

6

உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தம்பி காரோடு நின்றான். கார் கண்ணாடியிலும் பேனரின் சின்ன வடிவம் ஒட்டியிருந்தது.

"இன்னாக்கா, எப்படி இருக்குது டிசைனு? ஊரு பூரா வச்சிருக்கேன்."

"அமெரிக்கான்னு போட்டிருக்கியேடா."

"ஜெர்மனின்னா ஜனங்களுக்கு ஒரு கெத்து வராதுக்கா. அமெரிக்கான்னாதான் நிப்பாங்க."

"இந்த ராக்கெட் எதுக்கு மாமா?" என்றாள் சௌமியா.

"பிரிண்டிங் கடக்காரன் விஞ்ஞானின்னா ராக்கெட் ஃப்ரீன்னான் பாப்பா. வேணாம்னு சொல்ல முடியுமா?"

கிரகப்பிரவேசம் முடிந்த மறுநாள் ஒரு தனியார் பள்ளியில் பாராட்டு விழா. அதையும் அவனே ஏற்பாடு செய்திருந்தான். பேராசிரியர் குறித்திருந்த நாள் அதற்கு முந்தைய நாள், அதாவது கிரகப்பிரவேசத்தன்று. காலையில் பூஜையும் பந்தியும் முடிந்த கையோடு அவர் செய்தி வந்துவிட்டது: இன்று உங்கள் மாலைக்குள் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் பெயர் இல்லாமலே கட்டுரை போகும், மற்றவற்றைப் பிறகு பேசலாம். "மற்றவற்றை" என்ற சொல்லை அவள் எனக்குத் திரும்பவும் படித்துக் காட்டினாள்.

வீடு முழுக்க உறவு. எல்லோரும் அவளைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒருத்தி "பாஷாணத்த கையில வச்சிக்கினு வேலயாமே, மூஞ்சி பாரு வெளுத்துப் போச்சி" என்றாள். இன்னொருத்தர் கரண்ட் பில் குறையுமா என்று கேட்டார். சௌமியா என்னிடம் வந்து "எங்கயாச்சும் போவலாம்மா" என்றாள். தம்பி உடனே சாவியை எடுத்தான். "மலைக்குப் போவலாம் வா பாப்பா. மேல ஜில்லுனு இருக்கும்."

7

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதை ஏறத் தொடங்கியதும் போனில் சிக்னல் போய்விட்டது. எனக்கு உயிர் வந்தது. இந்த மலைமேலேயே சாயங்காலம் வரை சுற்றிவிட்டு இறங்கினால் நாள் கடந்துவிடும், கட்டுரை அவள் பெயர் இல்லாமல் போனாலும் அவரை எதிர்த்து எதையும் சொல்லியிருக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டேன்.

தம்பி கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "இன்னா பாப்பா, மூஞ்சியே சரியில்ல?"

அவள் சொன்னாள். பசை, செம்பு, சதுரம், எல்லாவற்றையும் அவனுக்குப் புரியும்படி சொன்னாள். அவன் மலைப்பாதையில் இரண்டு வளைவுகள் தாண்டும்வரை யோசித்தான்.

"தப்புன்னு உனக்குத் தெரியும். அந்த ஆளுக்கும் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப தப்பு எங்க இருக்குது?"

இவன்தான் என் தம்பி. நாளைக்கு வார்டுக்குத் தண்ணீர் விடப்போகிறவன்.

"மாமா, நீ மருந்து விக்கிற. ஒரு டப்பால லேபிள் மாறிப் போச்சின்னு உனக்கு மட்டும் தெரியுது. அந்த மருந்த அடிப்பாங்க இல்ல, பயிருக்கு?"

"அதெல்லாம் கம்பெனிக்காரன் பாத்துப்பான்."

"கம்பெனியே நான்தான் மாமா."

தம்பி கியரை மாற்றினான்.

வெள்ளிமலைக்குப் போய்ச் சேர்ந்தபோது மேகம் இறங்கியிருந்தது. மரவள்ளித் தோட்டத்தை ஒட்டிய ஒரு டீக்கடையில் நிறுத்தினான். இறங்கிய உடனே அவள் போன் வரிசையாகச் சத்தம் போட்டது. டவர் இருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

"அம்மா" என்றாள். "பிராக்டிகல்ல ஒரு பொண்ணு ரீடிங்க மாத்தி எழுதிக்கினு வந்தா நீ மார்க் போடுவியா?"

"அது ஸ்கூலு. இது விசா."

"போடுவியா மாட்டியா?"

"மாட்டேன். ஆனா அவள நாட்ட விட்டுத் தொரத்த மாட்டேன்டி. இந்த ஆளு தொரத்துவான். பதினஞ்சு வருசத்துக்கு மேல இருந்த ஊருடி அது உனக்கு. அனுமதி இல்லன்னா எங்க போவ? இங்க வந்து இன்னா பண்ணுவ, மாமா கடையில யூரியா நிறுப்பியா?"

"தெரியலம்மா" என்றாள். பயமில்லாத பிள்ளை இல்லை அவள். என்னைவிடப் பயந்திருந்தாள்.

தோட்டத்து வேலி ஓரமாக நடந்துபோய்ப் பேராசிரியரோடு போனில் பேசினாள். காற்றில் பாதி என் காதில் விழுந்தது. அவர் குரல் கேட்கவில்லை. அவள் நிறையக் கேட்டாள், கொஞ்சம் பேசினாள். இரண்டாவது கட்டுரையில் என் பெயர் வேண்டாம், முதல் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லி நானே இதழுக்கு எழுதுகிறேன், ஒட்டாத துண்டுகளின் அளவீடுகள் எல்லாம் குழுவின் பொதுக் கோப்பில் இருக்கின்றன, நீங்கள் பார்க்கலாம். இவ்வளவுதான்.

திரும்பி வந்து டீயைக் கையில் வாங்கினாள்.

"இன்னா சொன்னான் அந்த ஆளு?" என்றான் தம்பி.

"விடுமுறைய நல்லா அனுபவின்னு சொன்னாரு மாமா."

8

மறுநாள் விழா. அவளுக்குச் சால்வை, எனக்குச் சால்வை, யார் என்றே தெரியாத நான்கு பேருக்குச் சால்வை. தம்பி மைக்கைப் பிடித்து, தன் வார்டில் கால்வாய் தூர்வார வேண்டியதைப் பற்றிப் பேசினான். தாளாளர் இந்த மாணவி தங்கள் பள்ளியில் படித்தவள் என்றார். அவள் படிக்கவில்லை. பிறகு அவளைப் பேச அழைத்தார்கள்.

தன் தமிழில், நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "பேனர்ல போட்டது எதுவும் நான் பண்ணல. நான் ஒரு பேப்பர் எழுதினேன். அது தப்பு. இரும்புல இருக்கிற காந்தம் பின்னால வருதுன்னு எழுதினேன். அப்படி இல்ல. அது சேந்துதான் வருது. நாங்க படிகத்தை ஒட்டி வச்சதால தப்பாத் தெரிஞ்சிது. நேத்து அதை வாபஸ் வாங்கச் சொல்லிட்டேன். நன்றி."

மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். "வாபஸ்" என்ற சொல்லுக்கு ஒருவன் விசில்கூட அடித்தான்.

"பாத்தியாக்கா" என்றான் தம்பி, கண் கலங்க. "பொண்ணு தப்புன்னு சொல்லுது, ஜனம் தட்டுது. எனக்கு இப்படி ஒரு வாய் இருந்திச்சின்னா போன எலெக்ஷன்லயே ஜெயிச்சிருப்பேன்."

9

அதற்குப் பிறகு நடந்ததில் விசிலோ சால்வையோ இல்லை. முதல் கட்டுரை பல மாதம் கழித்து ஒரே வாக்கியத்தோடு திரும்பப் பெறப்பட்டது. இரண்டாவது கட்டுரை வெளிவரவே இல்லை. ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. காரணம், நிதி நிலைமை. வெளிநாட்டவர் அலுவலகம் ஒரு தற்காலிகத் தாளைக் கொடுத்தது. அது முடிய முடிய இன்னொன்று. சௌமியா தன் அறையைக் காலிசெய்துவிட்டு எங்கள் வீட்டுக்கே வந்தாள். அவள் வீட்டோடு இருக்க வேண்டும் என்று எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன்! இப்போது வாசல் மணி அடித்தால்கூட எந்த அலுவலகமோ என்று நெஞ்சு தூக்கிப்போடுகிறது.

கடைசியில் வடக்கே ஒரு சின்ன ஊரில், சின்ன ஆய்வகத்தில், முனைவர் படிப்பை முதலிலிருந்து தொடங்க இடம் கிடைத்தது. இலையுதிர்காலத்தில் போகிறாள். பழைய உழைப்பு எதுவும் கணக்கில் வராது.

போன சனிக்கிழமை பழைய ஆய்வகத்தில் பொதுமக்கள் நாள். வாசலில் சாசேஜ் சுடுவார்கள், குழந்தைகளுக்குத் திரவ நைட்ரஜனில் ரோஜாப்பூவைத் தோய்த்து உடைத்துக் காட்டுவார்கள். "என் மெஷினைப் பாக்கணும்மா" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மாடி அரங்கில் பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம்.

அவர் சொன்னது எனக்கு முழுக்கப் புரிந்தது. இரும்பின் காந்தங்கள் திசையைத் தேர்கின்றன, அமைப்பு அவற்றோடு சேர்ந்தே மாறுகிறது என்றார். இதைக் காண வேண்டுமானால் படிகத்தைக் கட்டிப்போடக் கூடாது, அதன் போக்கில் விட வேண்டும் என்றார். "எங்கள் குழு பல வருடப் பொறுமையான உழைப்பில் கற்ற பாடம்" என்றார். திரையில் ஒரு வளைகோடு. அதன் நடுவில் சின்னதாக ஒரு பள்ளம்.

"அது உன்னுதுதானே?" என்றேன்.

"ஆமா. குளிரூட்டுற ஹீலியம் தீந்துபோயி நான் பாதியில நிறுத்தின இடம் அது" என்றாள், ஏதோ பழைய சிநேகிதியைக் கூட்டத்தில் பார்த்தவள் போல.

அவள் பெயர் திரையில் எங்கும் இல்லை. வாழ்நாளெல்லாம் எதிர்க்கட்சியைத் திட்டிய மனிதர், அவர்கள் கொடியைத் தூக்கிக்கொண்டு தானே தைத்ததாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். இந்த முகத்துக்குத்தான் ஒரு வருடம் பயந்தோம். கேள்வி நேரம் என்றதும் கையை உயர்த்தினேன். ஒரு பெண் மைக்கைக் கொண்டுவந்தாள். மனசுக்குள் ஜெர்மனில் ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. இத்தனை வருடத்தில் முதன்முறையாக வினைச்சொல் கடைசியில், வர வேண்டிய இடத்தில், வந்து நின்றது.

சௌமியா என் கையிலிருந்து மைக்கை எடுத்துக்கொண்டு எழுந்தாள். மேடையில் பேராசிரியரின் முகம் சுண்ணாம்பானது. சொல்லுடி, என்று என் உடம்பு முழுக்கச் சொன்னது.

"படிகத்தில் கோபால்ட்டைக் கூட்டக் கூட்ட, காந்த வரிசையும் அமைப்பும் சேர்ந்தேதான் வருகின்றனவா, இல்லை எங்காவது பிரிகின்றனவா? ஒட்டாத துண்டில் அளந்தீர்களா?" என்று கேட்டாள்.

அவர் தண்ணீர் குடித்தார். "இன்னும் இல்லை" என்றார். "நல்ல கேள்வி."

அவள் நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். கைதட்டல் முடியும் முன்பே என்னைக் கிளப்பினாள். படியில் இறங்கும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"அத்தனை பேர் முன்னாடி மைக்க வாங்கி இதையாடி கேப்ப? உன் பேரக் கேட்டிருக்க வேணாமா? அந்த ஆளு சொல்றதெல்லாம் உன்னுது!"

"அவரு சொன்னது சரியா இருந்திச்சிம்மா."

"அதுக்கு?"

"எனக்குத் தெரியாதத கேட்டேன். அவருக்கும் தெரியல. அப்ப யாரும் இன்னும் அளக்கல." அவள் என்னைப் பார்க்கவில்லை. வெளியே டிராம் வந்துகொண்டிருந்தது. "வாம்மா சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு, எனக்காக நிற்காமல், சின்னப் பிள்ளை போல ஓடினாள்.